கலியாண வீட்டு ட்ரோனை வைத்துக் குளக்கட்டும் டவரும் எடுக்கலாமா? எந்தக் கமரா நல்லது?

கிளிநொச்சிப் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் வீடியோ வேலை செய்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, அப்புறம் வெளிநாட்டில் இருந்து வருகிற ஆட்கள் தங்கள் காணியையும் புது வீட்டையும் மேலே இருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பது, இவ்வளவும்தான் வருமானம். கையில் இருப்பது டி.ஜே.ஐ. மினி 4 ப்ரோ. இது வரைக்கும் ஒருவரும் குறை சொன்னதில்லை.

இப்போது கொந்தராத்து எடுக்கிற அண்ணை ஒருவர் வேறு மாதிரி அலுவல் கொண்டு வந்திருக்கிறார். காலபோக மழைக்கு முதல் ஒரு குளத்தின் துருசையும் (தண்ணீர் திறந்துவிடுகிற மதகு) வானையும் (மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம்) படம் எடுத்து, கொங்கிறீட்டில் எங்கே வெடிப்பு என்று காட்ட வேண்டுமாம். அது சரிவந்தால் பிறகு ஒரு போன் டவர், அதில் நட்டு போல்ட்டுகளின் கறல் (துரு). அதற்குப் பிறகு ஓர் அரிசி ஆலைக் கூரையில் சோலார். மூன்றும் எனக்குப் புதுசு.

காசு ஒரு ட்ரோனுக்குத்தான் இருக்கிறது. ஏர் 3 எஸ், மவிக் 3 ப்ரோ, மவிக் 3 தேர்மல் (வெப்பத்தைப் படமாகக் காட்டுவது), இந்த மூன்றில் எது? கூட்டாளிமார் எல்லாம் "மெகாபிக்சல் கூடினதைப் பார்த்து எடு, மிச்சம் எல்லாம் கதை" என்கிறார்கள். கலியாண வீட்டு வேலையையும் விட ஏலாது, அதையும் யோசித்துச் சொல்லுங்கோ.

சோளகம்

தம்பி, மெகாபிக்சலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கோ. வெடிப்புத் தேடுகிற வேலைக்கு ஒரே கேள்விதான். நீங்கள் நிற்கிற தூரத்தில் ஒரு பிக்சலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் அடங்குது?

உங்கட மினியின் லென்ஸ் பழைய 35 மி.மீ. பிலிம் கமராவின் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம், இந்த இலக்கம் குறைந்தால் அகலமாகப் பார்க்கும், கூடினால் தூரத்தைக் கிட்ட இழுக்கும். சுவரில் இருந்து 10 மீற்றர் தள்ளி நின்றால் படத்தின் அகலத்துக்குள் ஏறக்குறைய 14 மீற்றர் வந்துவிடும். 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம். வகுத்துப் பாருங்கோ, ஒரு பிக்சலுக்கு மூன்றரை மி.மீ. வருது. 48 மெகாபிக்சலில் எடுத்தால் அது பாதியாகும் என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து நினைப்பீர்கள், ஆனால் அந்தச் சென்சரில் (வெளிச்சத்தைப் பிடிக்கிற தகட்டில்) நாலு பிக்சலுக்கு ஒரே நிற வடிகட்டிதான், ஆகவே உச்சி வெயிலில் கொஞ்சம் கூடத் தெரியும், மப்பு மூடினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

இப்போது மவிக் 3 ப்ரோவை எடுங்கோ. அதன் பெரிய கமரா 4/3 அளவுச் சென்சர், 20 மெகாபிக்சல், ஹாசல்பிளாட் பெயர் வேறு. அதே 10 மீற்றரில் அது பிக்சலுக்கு 2.7 மி.மீ. தருது. மினியை விடப் பெரிய வித்தியாசம் இல்லைப் பாருங்கோ. ஆனால் அதே ட்ரோனில் ஒருவரும் பெரிதாகக் கதைக்காத 166 மி.மீ. டெலி கமரா ஒன்று இருக்கு. வெறும் 12 மெகாபிக்சல், சென்சரும் அரை இஞ்சிதான். 10 மீற்றரில் அது இரண்டு மீற்றர் அகலத்தைத்தான் பார்க்கும், பிக்சலுக்கு அரை மி.மீ. வந்துவிடும். விலை கூடிய கமராவுக்குத் தெரியாத வெடிப்பு இந்தச் சின்னக் கமராவுக்குத் தெரியும். இரவில் அதைத் திறக்காதேங்கோ, அது வேறு கதை.

ஏன் கிட்டப் போய் எடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். துருசுக்குப் போகலாம், ஆட்கள் இல்லாமல் காற்று அடங்கின நேரம் என்றால் மூன்று நாலு மீற்றர் வரைக்கும் போகலாம். டவருக்கு அப்படிப் போகாதேங்கோ, அன்ரெனாவும் இரும்பும் சேர்ந்து திசைகாட்டியைக் குழப்பும். மன்னார்த் தீவில் நிற்கிற தம்பபவனிக் காற்றாலைகளை யோசித்துப் பாருங்கோ, 30 நிற்குது, ஒவ்வொன்றின் சுழலியும் 126 மீற்றர் விட்டம். நிறுத்தி வைத்த இறக்கைக்குக் கூட 20 மீற்றருக்குள் போக எனக்கு மனம் வராது, அதிலும் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில். அந்தத் தூரத்திலும் டெலி ஒரு மி.மீ. காட்டும். மவிக்கும் ஏர் 3 எஸ்ஸும் விநாடிக்கு 12 மீற்றர் காற்று வரைக்கும் தாங்கும் என்று கம்பனி சொல்லுது, மினி 4 ப்ரோவுக்கு 10.7. தாங்குவது வேறு, படம் ஆடாமல் எடுப்பது வேறு.

இன்னொன்று, பறந்துகொண்டே கிளிக் பண்ணாதேங்கோ. விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் 1/500 விநாடி ஷட்டரில் எடுத்தால் அந்தக் கண நேரத்துக்குள் ட்ரோன் ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். அரை மி.மீ. பார்க்கிற கமராவை வைத்து ஒரு சென்ரிமீற்றர் கலங்கல் எடுத்தால் என்ன பிரயோசனம். நின்று, ஆட்டம் அடங்கி, எடுத்து, நகருங்கோ. வீடியோவில் இருந்து ஃபிரேம் வெட்டிக் கொடுக்கிற வேலையும் வேண்டாம், 4கே ஃபிரேம் என்பது எட்டு மெகாபிக்சல் சொச்சம்தான், அதுவும் அமுக்கினது.

வவுனியா ஸ்டூடியோ

சோளகம் அண்ணை சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனால் இவருக்கு மாதாமாதம் சோறு போடுவது கலியாண வீடு. அந்தப் பக்கத்தையும் கதைப்போம்.

சென்சர் பெரிசு என்றால் இரவில் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள், பாதிதான் சரி. 4/3 சென்சரின் பரப்பு மினியின் 1/1.3 அளவுச் சென்சரைப் போல மூன்று மடங்கு. ஆனால் மினியின் லென்ஸ் எஃப் 1.7 வரைக்கும் திறக்கும் (இலக்கம் குறையக் குறையத் துவாரம் பெரிசு), மவிக் 3 ப்ரோவின் பெரிய கமரா எஃப் 2.8 வரைக்கும்தான். மினியின் லென்ஸ் அந்த வகையில் 2.7 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் இரவில் இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். ஏர் 3 எஸ்ஸுக்கு ஓர் இஞ்சிச் சென்சரும் எஃப் 1.8 உம். வெளிச்சம் சேர்ப்பதில் இந்த இரண்டையும் அது முந்துது, விலையோ மவிக்கை விடக் குறைவு. வற்றாப்பளைப் பொங்கல் மாதிரி இரவுத் திருவிழா எடுக்கிற ஆளுக்கு நான் ஏர் 3 எஸ்தான் சொல்வேன். (சனத்துக்கு மேலால் பறக்காமல், பக்கத்தில் நின்று.)

மவிக் எங்கே வெல்லுது என்றால் பகலில். அதற்கு எஃப் 2.8 இல் இருந்து 11 வரைக்கும் துவாரம் மாற்றலாம். மற்ற இரண்டிலும் துவாரம் மாறாது. எங்கட ஊர் மத்தியான வெயிலில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் 2.8 என்றால் ஷட்டர் 1/3200 க்குப் போய்விடும். 25 ஃபிரேமில் எடுக்கிற எங்களுக்குத் தேவை 1/50. அதற்கு வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கிற என்.டி. 64 கண்ணாடி போட வேண்டும், மினிக்கு என்றால் 128 க்கும் மேலே. என்.டி. இல்லாமல் எடுத்த வீடியோவில் வயலுக்குள் நடந்து வருகிற மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெட்டி வெட்டி நடப்பது மாதிரி இருக்கும், கண் குத்தும். ட்ரோனுக்கு இலட்சக் கணக்கில் கொட்டிவிட்டு என்.டி. பெட்டிக்குக் கஞ்சத்தனம் பார்க்கிற ஆட்கள் இங்கே நிறையப் பேர்.

10 பிட் பற்றியும் சொல்ல வேண்டும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படி, 10 பிட்டில் 1024. நந்திக்கடல் பக்கம் பொழுதுபடுகிற வானத்தை 8 பிட்டில் எடுத்து நிறம் ஏற்றிப் பாருங்கோ, வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். ஆனால் உங்கட மினி 4 ப்ரோவிலேயே 10 பிட் டி-லொக் எம் (பிறகு நிறம் ஏற்றுவதற்கென்று மங்கலாகப் பதிகிற முறை) இருக்கு. அதற்காகப் புதுசு வாங்கத் தேவை இல்லை.

கோயில் லைட் கூத்தாடுகிற பிரச்சினை வந்தால் கமராவைக் குறை சொல்லாதேங்கோ. எங்கட கரன்ட் 50 ஹேர்ட்ஸ், ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கிளிநொச்சிப் பெடியன்

இரண்டு பேருக்கும் நன்றி. இரவுக் கணக்கு எனக்குப் புதுசு, கடைக்காரர் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. அப்போ ஏர் 3 எஸ்ஸின் 70 மி.மீ. கமரா துருசுக்குப் போதுமா? தேர்மல் ஒன்று வாங்கினால் சோலாரையும் பார்த்து, கலியாண வீட்டையும் சமாளிக்கலாமா?

மாங்குளத்தான்

நான் ட்ரோன் ஓட்டுகிற ஆள் இல்லை, படத்தை வாங்கிப் பார்த்து "இது சரி, இது உடைத்துக் கட்ட வேணும்" என்று எழுதுகிற பக்கத்து ஆள். ஆகவே மேசைக்கு இந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

ஏர் 3 எஸ்ஸின் 70 மி.மீ. கமரா 10 மீற்றரில் பிக்சலுக்கு 1.2 மி.மீ. மாதிரி வரும், 5 மீற்றருக்குப் போனால் 0.6. சாதாரணக் கொங்கிறீட்டில் நாங்கள் 0.3 மி.மீ. தாண்டிய வெடிப்பைக் கவனிப்போம், தண்ணீர் தாங்குகிற கட்டுமானத்துக்கு 0.2 என்று கணக்கு. கறுத்த கோடாக இருந்தால் பிக்சலை விட மெல்லிய வெடிப்பும் படத்தில் தெரியும். ஆனால் அது இருக்குது என்று தெரியுமே தவிர எவ்வளவு அகலம் என்று சொல்ல ஏலாது. அகலம் அளக்க வேணும் என்றால் ஒரு வெடிப்புக்குள் இரண்டு மூன்று பிக்சலாவது விழ வேணும். அதை எந்த ட்ரோனிடமும் எதிர்பார்க்காதேங்கோ, ட்ரோன் இடத்தைக் காட்டட்டும், அளவுகோலோடு ஆள் போய் அளக்கட்டும். கொந்தராத்து அண்ணையிடம் இதை முதலே கதைத்துவிடுங்கோ. "அகலம் சொல்லு" என்று பிறகு நிற்பார்.

எனக்கு வருகிற படங்களில் பெரும்பாலான குறை கமராவால் இல்லை. நல்ல தெளிவான படம் இருக்கும், ஒரு வெடிப்பும் இருக்கும், ஆனால் அது துருசின் இடப்பக்கச் சிறகுச் சுவரா வலப்பக்கமா, மேலே இருந்து எவ்வளவு கீழே, ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் அப்படி அனுப்பிவிட்டு காசு கேட்பார்கள். ஆகவே முதலில் தள்ளி நின்று முழுச் சுவரும் வருகிற ஒரு படம், பிறகு அதிலிருந்து உள்ளே உள்ளே போங்கோ. சுவரில் சோக்கட்டியால் ஒரு மீற்றருக்கு ஒரு கோடும் இலக்கமும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. அளவுநாடா ஒன்றை ஓரத்தில் தொங்கவிட்டால் நான் உங்களுக்குத் தேத்தண்ணி வாங்கித் தருவேன்.

வெயில் எந்தப் பக்கம் அடிக்குது என்பதையும் பாருங்கோ. நேரே முகத்தில் அடிக்கிற வெயிலில் கொங்கிறீட் வெளுத்து, வெடிப்பு மறைந்துவிடும். சரிந்து விழுகிற காலை வெயில் வெடிப்பின் ஓரத்தில் நிழல் விழுத்தும், அப்போதுதான் தெரியும். வான் பக்கம் தண்ணீர் மினுங்கினால் மினுக்கத்தைக் குறைக்கிற போலரைசர் கண்ணாடி போடுங்கோ.

மண்கட்டைப் பொறுத்தவரைக்கும் கமராவால் புல்லுக்குள் பார்க்க ஏலாது. கட்டின் வெளிப்பக்கம் முழுக்க ஈச்சம்பற்றையும் எருக்கலையுமாக இருந்தால் 20 மெகாபிக்சலும் 100 மெகாபிக்சலும் ஒன்றுதான். முதலில் பற்றை வெட்டச் சொல்லுங்கோ. கசிவு தேட வேண்டும் என்றால் அங்கே தேர்மல் உதவும், ஈரம் கசிகிற மண் காய்ந்த மண்ணை விடக் குளிர்ந்து தெரியும். விடியப்புறத்தில் இருந்து வெயில் ஏறுகிற நேரத்துக்குள் பாருங்கோ. அதுவும் சந்தேகத்தைத்தான் காட்டும், காலால் போய் மிதித்துப் பார்க்காமல் முடிவு எழுத மாட்டேன்.

ஆர்.டி.கே. (இடத்தைச் சென்ரிமீற்றர் கணக்கில் குறிக்கிற ஜி.பி.எஸ்.), மெக்கானிக்கல் ஷட்டர் (படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கிற மூடி) என்று ஆரும் பயப்படுத்தினால், அது வரைபடம் எடுக்கிற வேலைக்கு, மண் எவ்வளவு கொட்டினது என்று கன அளவு பார்க்கிற வேலைக்கு. மவிக் 3 என்டர்பிரைஸில் அது இருக்கு. சாதாரண ட்ரோன் சென்சர் வரி வரியாக வாசிக்கும், வேகமாகப் போய்க்கொண்டே எடுத்தால் படம் சரியும், படங்களை ஒன்றாகத் தைக்கிறபோது அளவு பிசகும். வெடிப்புப் படத்துக்கு நின்றுதானே எடுக்கப் போகிறீர்கள், அது தேவை இல்லை.

வெயில்வியாபாரி

சோலார் பூட்டுகிற ஆள் நான். சுருக்கமாக.

மவிக் 3 தேர்மலின் வெப்பக் கமரா 640 க்கு 512 பிக்சல். கூரைக்கு மேலே 20 மீற்றரில் பிக்சலுக்கு 3 சென்ரிமீற்றர் கிட்ட வரும், சோலார் தகட்டின் ஒரு செல் 16 சென்ரிமீற்றர் சொச்சம், ஆக ஒரு செல்லுக்கு அஞ்சு பிக்சல். அது காணும். அதைவிட மேலே போனால் சூடான செல்லையும் காகம் எச்சம் போட்ட செல்லையும் பிரித்தறிய முடியாது. அரிசி ஆலை என்றபடியால் உமித்தூசி வேறு, முதலே கழுவச் சொல்லுங்கோ. வெயில் சதுர மீற்றருக்கு 600 வாட்டுக்குக் குறையக் கூடாது, சிஸ்டம் ஓடிக்கொண்டு இருக்க வேண்டும். நேரே மேலே நின்று பார்க்காமல் கொஞ்சம் சரித்துப் பாருங்கோ, இல்லாவிட்டால் வானத்தின் பிரதிபலிப்பைத்தான் வெப்பம் என்று எழுதிக்கொடுப்பீர்கள். பக்கத்துத் தகரக் கூரையும் அப்படித்தான், பளபளக்கிற தகரத்தின் வெப்ப அளவை நம்பவே வேண்டாம்.

கலியாண வீட்டுக்குத் தேர்மல் ட்ரோன் சரிவராது. அதன் சாதாரணக் கமரா அரை இஞ்சிச் சென்சர், வீடியோ 4கே 30 ஃபிரேம் வரைக்கும்தான், ஸ்லோமோஷன் கேட்டால் கையை விரிக்க வேண்டும். வருகிற சோலார் வேலை ஒன்று இரண்டு என்றால் தேர்மல் வைத்திருக்கிற ஆளை நாள் சம்பளத்துக்குக் கூப்பிட்டு, நீங்கள் நடுவில் கொஞ்சம் வையுங்கோ.

முறிகண்டி மாமா

கமரா எல்லாம் கதைத்துவிட்டீர்கள், கடதாசியை ஒருவரும் கதைக்கவில்லை. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் ட்ரோனைப் பதிய வேணும், பறக்கிற வேலைக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேணும். இதை வேலைக்கு முதல் நாள் தேடாதேங்கோ. வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படை இருக்கு, இரணைமடுக் குளக்கட்டில் நின்று சும்மா ஏற்றிப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம் தம்பி. டவர் என்றால் டவர்க்காரரின் கடிதம், குளம் என்றால் அந்தக் குளத்துக்குப் பொறுப்பான ஆட்களின் கடிதம், இரண்டையும் கொந்தராத்துக்காரரையே எடுத்துத் தரச் சொல்லுங்கோ.

அப்புறம் ஏற்றி இறக்குகிற இடம். முகமாலைப் பக்கம் மாதிரி மிதிவெடி எடுக்கிற இடங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம் ட்ரோன் விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, வெடி எடுக்கிற ஆட்களுக்குச் சொல்லுங்கோ. எத்தனை இலட்சம் என்றாலும் காலை வைக்காதேங்கோ.

பருந்துக்கும் ஒரு கண் வையுங்கோ. குளப்பக்கம் அதுகள் ட்ரோனைக் கண்டால் இறங்கி வரும். வந்தால் கீழே ஓடாமல் நேரே மேலே ஏற்றுங்கோ.

கிளிநொச்சிப் பெடியன்

மாமா, கடிதக் கதையை இன்றைக்கே அவரிடம் எடுக்கிறேன்.

நான் இப்போது யோசிக்கிறது ஏர் 3 எஸ். துருசுக்குக் கிட்டப் போகலாம் என்று சோளகம் அண்ணை சொன்னபடியால் 70 மி.மீ. காணும், இரவுத் திருவிழாவுக்கும் அது நல்லது. சோலாருக்கு ஆள் பிடிக்கலாம். டவர்தான் இடிக்குது. டவருக்காக மவிக் 3 ப்ரோ வரைக்கும் காசைக் கூட்டுவதா?

சோளகம்

டவர் வேலை கையில் வந்துவிட்டதா, வரும் என்று சொன்னாரா? வரும் என்று சொன்ன வேலைக்கு நான் காசைக் கூட்ட மாட்டேன். வந்தால் என்னிடம் ஒரு மவிக் 3 ப்ரோ இருக்கு, நாள் கணக்கில் தருவேன், நானும் கூட வருவேன். 15 மீற்றரில் நின்றாலும் டெலியில் பிக்சலுக்கு 0.8 மி.மீ. வரும், நட்டில் கறல் பிடித்திருக்கா, நட்டே இல்லையா என்று அதில் தெரியும். நட்டு இளகியிருக்கா என்று எந்தக் கமராவும் சொல்லாது, அதற்கு ஸ்பனரோடு ஆள் ஏற வேணும்.

மவிக் 4 ப்ரோ வந்துவிட்டது, 168 மி.மீ. கமராவுக்கே 50 மெகாபிக்சல், பெரிய கமரா எஃப் 2.0, இரவுக்கும் பகலுக்கும் அதுதான் ராசா. விலையைக் கேட்டால் நித்திரை வராது, ஆகவே அதைப் பற்றி இப்போது கதைக்கவில்லை.

வாங்குவதற்கு முதல் ஒரு வேலை செய்யுங்கோ. கணினியில் 0.3, 0.5, 1, 2 மி.மீ. தடிப்பில் கறுத்த கோடுகள் கீறி, வெள்ளைத் தாளில் அச்சடித்து, வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் ஒட்டுங்கோ. உங்கட மினியைக் கொண்டு 3, 5, 10 மீற்றரில் நின்று எடுத்துப் பாருங்கோ. கடைக்காரர் விட்டால் ஏர் 3 எஸ்ஸையும் அதே தாளுக்கு முன்னால் ஒருக்கால் ஏற்றிப் பாருங்கோ. 3 மீற்றரில் மினிக்கே அரை மி.மீ. கோடு தெரிந்தால் துருசு வேலையை மினியோடேயே முடித்து, வருகிற காசில் மிச்சத்தை யோசிக்கலாம்.

மாங்குளத்தான்

தாள் வெள்ளை, கோடு கறுப்பு, கொங்கிறீட் அப்படி இல்லை. பழைய மதில் ஒன்றில் பாசி பிடித்த இடமாகப் பார்த்து, சாம்பல் நிறத் தாளில் ஒட்டி எடுங்கோ. படத்தை இங்கே போடுங்கோ, எது தெரியுது எது தெரியவில்லை என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.